வெள்ளைக்காரன் கட்டினா மட்டும் நிக்குமா?

"வெள்ளைக்காரன் கட்டினது எப்படி நிக்குது பாரு. நம்மாளு போன வருஷம் போட்ட ரோடு இந்த வருஷம் காணோம்."

இந்த வசனத்தைக் கேட்காத தமிழன் யாராவது இருந்தால் கையைத் தூக்கவும். ம்ஹூம், ஒருத்தரும் இல்லை. எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவில் இதை ஒரு பழமொழியாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். பாம்பன் பாலத்தைப் பார்த்தால் சொல்வார்கள், பழைய கச்சேரிக் கட்டடத்தைப் பார்த்தால் சொல்வார்கள், டீக்கடையில் பேப்பர் படிக்கும்போது சும்மாவே சொல்வார்கள். போன மாதம் ஒரு நாள் தரங்கம்பாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்த வசனத்தின் மேல் எனக்கு ஒரே காண்டு. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் தொடரவும். இல்லாதவர்கள் கடைசி நாலு பத்தியை மட்டும் படித்துவிட்டுப் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம் :-)

முதலில், ஏன் தரங்கம்பாடி?

காரணம் ஒரு ஆல்பம். என்னோடு பொட்டி தட்டுகிற நண்பர் ஒருத்தர் மத்திய அமெரிக்காவில் குவாதமாலா பக்கம் போனவர், ஆன்டிகுவா என்கிற ஊரில் ஒரு நாள் சுற்றிவிட்டுப் படம் படமாக அனுப்பித் தள்ளினார். ஸ்பானிஷ்காரர்கள் காலத்துத் தலைநகரம். கல் பாவிய தெரு, மஞ்சளும் காவியுமாகச் சுவர்கள், தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவு, அதற்குப் பின்னால் எரிமலை. பார்த்ததும் ஆபீசில் எல்லோரும் "வாவ்". நான் மட்டும், "இதுக்கு எதுக்குய்யா அவ்வளவு தூரம்? நம்ம ஈ.சி.ஆர்லயே இருக்கே" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன வாய்க்காகப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தொண்டிக்குப் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒரே நாளில் ஐரோப்பாவில் பாதியைப் பார்த்துவிடலாம். நாகப்பட்டினம் போர்ச்சுகீசியர் கையிலிருந்து 1658ல் டச்சுக்காரர்களிடம் போய், 1781ல் ஆங்கிலேயர்களிடம் விழுந்த ஊர். அடுத்து காரைக்கால், 1954 வரை பிரெஞ்சு. அதைத் தாண்டினால் தரங்கம்பாடி, டேனிஷ்காரர்களுடையது. இன்றைக்கு மயிலாடுதுறை மாவட்டம். விசா வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் போதும்.

குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த என் சேக்காளி காரை எடுத்தான். இருட்டோடு கிளம்பினோம். வழியில் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா. தஞ்சாவூர் சரபோஜி மகாராஜா நெப்போலியனை இங்கிலாந்து ஜெயித்ததைக் கொண்டாட 1814ல் எழுப்பின எட்டு மாடிக் கோபுரம். எங்கேயோ நடந்த சண்டைக்கு இங்கே ஸ்தூபி. "அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நாம மொய் வச்ச கதையால்ல இருக்கு" என்றான் சேக்காளி. அவன் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் அதுதான். பிடிக்காத வாக்கியம் அப்புறம் வருகிறது.

தரங்கம்பாடி ரொம்பச் சின்ன ஊர். 1792ல் கட்டின ஒரு நுழைவாயில், அதற்குள்ளே போனால் ராஜ வீதி. ரெண்டு பக்கமும் தூண் வைத்த பங்களாக்கள், 1701ல் கட்டின சீயோன் தேவாலயம், எதிரே 1718ல் சீகன்பால்கு கட்டின புது எருசலேம் தேவாலயம், டேனிஷ் கவர்னர் மாளிகை, கடைசியில் கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டை. அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். அவசரப்படாமல் நின்று நின்று பார்த்தால்தான் ஒரு நாள் ஆகும். பதினொரு மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், அதனால் காலையிலேயே கோட்டையை முடித்துவிடுங்கள். இது ஓசோன் நிறைந்த கடற்கரை என்று பெருமையாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தரைமட்டத்தில் ஓசோன் நிறைய இருந்தால் நுரையீரலுக்குக் கேடு என்று படித்த ஞாபகம் உள்ளவர்கள் சத்தம் போடாமல் சிரித்துக்கொள்ளவும். காற்று நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு ஓசோன் சர்டிபிகேட் தேவையில்லை.

கோட்டைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு கூத்து இருக்கிறது. 1620ல் ஓவே ஜெட்டே என்கிற டேனிஷ் கடற்படை அதிகாரி வந்து தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போடுகிறார். தங்கத் தகட்டில் எழுதின ஓலை இன்றைக்கும் டென்மார்க்கில் இருக்கிறது. இடத்தைக் கொடுத்து, கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்து, வருஷா வருஷம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதாவது நாயக்கர் வீட்டுக்காரர், டேனிஷ்காரர்கள் குடித்தனக்காரர்கள். 225 வருஷம் கழித்து 1845ல் என்ன செய்தார்கள் தெரியுமா? தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்கள். வாடகைக்கு வந்தவன் வீட்டை வித்துட்டுப் போன வரலாறு! சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கோட்டைக்கு வடக்கே கடல் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோவில். 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கோட்டையைவிட 314 வருஷம் மூத்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சம் இருக்கிற பகுதிக்குத் திருப்பணி செய்து, முன்னால் அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று ஒரு பக்கம் கோவிலையும் இன்னொரு பக்கம் கோட்டையையும் பார்த்த சேக்காளி, அந்த வசனத்தை எடுத்துவிட்டான்.

"பாத்தியா மாப்ள. நம்மாளு கட்டினது கடல்ல போச்சு. வெள்ளைக்காரன் கட்டினது கிண்ணுனு நிக்குது."

அங்கேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. காரைக்காலில் பிரியாணி சாப்பிடும் வரை ஓயவில்லை. அவனிடம் துண்டு துண்டாகக் கத்தினதை இங்கே கோர்வையாக எழுதுகிறேன்.

மொதல்ல அந்தக் கோட்டை தன்னால நிக்கலை. செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு உப்புக் காற்றில் கட்டின கட்டடம் நானூறு வருஷம் தன்னால நிற்காது. அந்த நானூறு வருஷமும் யாரோ ஒருத்தர் அதைப் பூசிக்கொண்டே, ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகும் அது பயணியர் விடுதியாகப் பயன்பட்டது. ஆள் தங்கினால் கூரை ஒழுகும்போது யாராவது பார்ப்பார்கள், இல்லையா? 1978ல் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. அதற்கு அப்புறம் டென்மார்க்கிலிருந்து பணமும் ஆளும் வந்து, 2000க்கு மேல் ஒரு பெரிய சீரமைப்பு. இவ்வளவு நடந்தும் பழைய மதில்களில் பெரும்பகுதி இன்றைக்கு இல்லை. ஊரைச் சுற்றி இருந்த சுவர் எங்கே? கடல் பக்கத்து அரண் எங்கே? நாம் பார்ப்பது பூசி மெழுகிக் காப்பாற்றின மிச்சம்.

இதில் ஒரு ஆள் கதை இருக்கிறது. ஐ.டி. மக்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. கோட்டை கட்டி இருபது சொச்ச வருஷத்தில் டென்மார்க்கில் போர், பணமுடை. 1643க்கு அப்புறம் 1669 வரை தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. சம்பளம் இல்லை, சரக்கு இல்லை, கடிதம்கூட இல்லை. இருந்தவர்கள் செத்தும் ஓடியும் போக, 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சின டேனிஷ்காரர் ஒரே ஒருத்தர், எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. பெரிய அதிகாரி எல்லாம் கிடையாது, சாதாரண ஆள். அவர் உள்ளூர்ச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு, கப்பம் பாக்கி என்று படையோடு வந்த தஞ்சாவூர்க்காரர்களையும் சமாளித்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி, பதினாலு வருஷம் காப்பாற்றியிருக்கிறார். 1669ல் கப்பல் வந்து பார்த்தால் டேனிஷ் கொடி இன்னும் பறக்கிறது!

டீம் மொத்தமும் பேப்பர் போட்டு ஓடின பிறகு, சப்போர்ட்டில் ஒத்தை ஆளாக உட்கார்ந்து புராஜெக்டைக் காப்பாற்றின கேஸ் இது. அந்தப் பதினாலு வருஷம் கோட்டையில் மண் சுமந்தது யார், ராத்திரிக் காவல் நின்றது யார், சுண்ணாம்பு அரைத்தது யார்? எல்லாம் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. "வெள்ளைக்காரன் கட்டினது" என்று சொல்கிறபோது இத்தனை பேரையும் ஒரே வார்த்தையில் அழித்துவிடுகிறோம்.

இப்ப கோவிலுக்கு வருவோம். பாண்டியன் கட்டினது தரமில்லாமல் விழவில்லை. கட்டும்போது கடல் அவ்வளவு பக்கத்தில் இல்லை. கரை அரித்துக்கொண்டே உள்ளே வந்தது. முதல் மண்டபத்தில் அலை அடித்த அன்றைக்கே கல் கொட்டியிருந்தால் இரண்டாவது மண்டபமாவது மிஞ்சியிருக்கும். அப்போது கொட்ட ஆள் இல்லை, காசு இல்லை. கோட்டைக்குப் பின்னால் ஒரு தேசம் இருந்தது, இதற்குப் பின்னால் ஒரு குருக்களும் நாலு தெருவும்தான் இருந்தன. ரெண்டு கட்டடத்துக்கும் இடையில் தரத்தில் வித்தியாசம் தேடுகிறோம். வித்தியாசம் இருந்தது பராமரிப்பில்.

சரி, ஆன்டிகுவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த "வாவ்" ஊர் ஸ்பானிஷ்காரன் கைவண்ணத்தால் நிற்கிறது என்று நினைத்தால் தப்பு. 1773 பூகம்பத்தில் அது நொறுங்கிப்போய், 1776ல் தலைநகரத்தையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊரை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு. போகாமல் அங்கேயே கிடந்த சனங்கள்தான் இடிபாடுகளுக்கு நடுவில் வீட்டை ஒட்டி ஒட்டி வாழ்ந்திருக்கிறார்கள். புதுக் கட்டடம் கட்ட யாருக்கும் வசதி இல்லாததால் பழசு தப்பியது. அப்புறம் 1969ல் குவாதமாலா அரசாங்கம் அந்த ஒரு ஊரைக் காப்பாற்றவே தனிச் சட்டம் போட்டு, அதற்கென்று ஒரு குழுவும் அமைத்தது. பத்து வருஷம் கழித்து, 1979ல், யுனெஸ்கோ பட்டியல். அந்த மஞ்சள் சுவருக்குப் பின்னால் இத்தனை பேர் வேலை இருக்கிறது.

நம் தரங்கம்பாடியிலேயே இதற்கு ஒரு சின்ன உதாரணம் உண்டு. ராஜ வீதியில் போட்டோ எடுத்து முடித்ததும் எல்லோரும் கோட்டைக்கு ஓடுகிறார்கள். பக்கத்திலேயே தட்டார் தெரு என்று ஒன்று. திண்ணை, மரத்தூண், ஓட்டுக்கூரை வைத்த சின்னச் சின்ன வீடுகள். எந்த வெள்ளைக்காரனும் கட்டாதது. அதில் பாழடைந்து கிடந்த வீடுகளை இன்டாக் அமைப்பு எடுத்துப் பழைய முறையிலேயே சரி செய்து நிறுத்தியது. இன்றைக்கு நிமிர்ந்து நிற்கின்றன. காரை உதிர்ந்த சுவரைத் திரும்பப் பூசினால் சுவர் நிற்கும். பூசப்படும் சுவருக்குக் கட்டினவன் தோல் என்ன நிறம் என்று தெரியாது.

தமிழ்ல தட்டச்சுற நமக்கெல்லாம் இந்த ஊரோட இன்னொரு பந்தமும் இருக்கு. அதைச் சொல்லாமப் போனா என்னைப் பதிவுலகம் மன்னிக்காது.

1706 ஜூலை 9ந் தேதி சீகன்பால்கு இங்கே வந்து இறங்கினார். வயசு 23. மணலில் எழுதிப் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். போர்ச்சுகீசும் டேனிஷும் பேசத் தெரிந்த அழகப்பன் என்கிற உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708ல் அவற்றுக்கு ஒரு பட்டியலே போட்டார். டேனிஷ் கவர்னருக்கு இவரைக் கண்டால் ஆகாது, அதே கோட்டையில் நாலு மாதம் சிறை வைத்தார். (வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்று நினைப்பவர்கள் கவனிக்க.) லண்டனிலிருந்து அச்சு எந்திரம் அனுப்பினார்கள். வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள், கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்தார், எந்திரம் மட்டும் 1712ல் வந்து சேர்ந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாமல், தேடிப் பார்த்தால் கம்பெனிப் படையில் அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாய் கிடைத்தார்!

ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். ரொம்பப் பெருசு. ஒரு பக்கத்துக்கு நாலு வாக்கியம்தான் வரும் போல, காகிதம் கட்டுப்படியாகவில்லை. உடனே இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள், பக்கத்தில் பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது. எழுத்துரு சைஸ் சரியில்லை, இடம் பத்தவில்லை என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார் மக்களே!

ஆனால் தமிழில் முதல் அச்சு இது இல்லை. 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் புன்னைக்காயலில் இருந்து உழைத்த அண்டிரிக் பாதிரியார் செய்த வேலை. அப்புறம் ஏன் அது பெருகவில்லை? அவருக்குப் பிறகு எடுத்து நடத்த ஆள் இல்லை. ஆரம்பித்துவைத்தார், தொடர்ச்சி விட்டுப்போச்சு. தரங்கம்பாடி அச்சகத்தை சீகன்பால்கு 1719ல், 36 வயதில் இறந்த பிறகும் அடுத்தடுத்து ஆட்கள் வந்து ஓட்டினார்கள். வித்தியாசம் மறுபடியும் அதேதான்.

நம்ம கதையும் அதேதான் சாமி. ஜியோசிட்டீஸில் தமிழில் எழுதிக் குவித்தவர்கள் எத்தனை பேர்? 2009ல் கடையை மூடினார்கள், எல்லாம் போச்சு. திஸ்கியிலும் வேறு வேறு எழுத்துருக்களிலும் எழுதினது இன்றைக்குத் திறந்தால் சீன மொழிக்கும் தெலுங்குக்கும் பிறந்த மாதிரி இருக்கிறது. யாரோ சிலர் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்ததுதான் மிச்சம். எழுதினவனுக்குப் பெயர் உண்டு, மாற்றி வைத்தவனுக்குப் பெயர் இல்லை.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். "அப்ப போன வருஷம் போட்ட ரோடு ஏண்டா போச்சு? அது நம்மாளு போட்டதுதானே?" நியாயமான கேள்வி. ஜல்லியில் களவாண்டால் ரோடு போகத்தான் செய்யும், அதை நான் மறைக்கவில்லை. களவாண்டவனைப் பிடிக்க வேண்டும். ஆனால் "நம்மாளுன்னாலே இப்படித்தான்" என்று சொல்கிறோம் பாருங்கள், அது அந்தக் களவாணிக்குச் செய்கிற பெரிய உபகாரம். ஒரு ஒப்பந்தக்காரன் செய்த தப்பை எட்டுக் கோடிப் பேர் ரத்தத்தில் ஏற்றிவிட்டால் அவனை யார் கேட்பார்கள்?

அப்புறம் பாம்பன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வசனத்தின் தாய்வீடே அதுதான். 1914ல் திறந்தது, நூறு வருஷம் ரயில் ஓடினது, எல்லாம் சரி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தபோது அந்தப் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. அதைத் திரும்பத் தூக்கி நிறுத்தினது யார்? ஸ்ரீதரன் என்கிற இளம் ரயில்வே எஞ்சினியர் தலைமையில் நம் ஆட்கள். விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து தேடி எடுத்து 46 நாளில் ரயிலை ஓட வைத்தார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே, அதே ஸ்ரீதரன்தான். அதன் பிறகும் 2022 டிசம்பரில் ரயில் நிற்கும் வரை அந்த உப்புக் காற்றில் வருஷம் பூரா துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள், கயிற்றில் தொங்கிக்கொண்டு. அவர்கள் எல்லாம் நம்மாளு இல்லையா? 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாச்சு. அதையும் இப்படிச் சுரண்டிப் பூசினால் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது.

இப்ப எங்க ஊர். ஆர்.எஸ்.மங்கலம் என்றால் ராஜசிங்கமங்கலம். பாண்டியன் பெயர். ஊருக்குப் பெருமை எங்கள் பெரிய கண்மாய். நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்பார்கள். ஒரே மூச்சில் தாண்ட முடியாமல் நாரையே களைத்துப்போகுமாம், அத்தனை பெருசு. தரங்கம்பாடிக் கோட்டையைவிடப் பல நூறு வருஷம் பழசு. கோட்டை வெடிமருந்தையும் மிளகையும் வைத்திருந்தது, இது ஒரு பிரதேசத்துக்கே சோறு போட்டது. இதைப் பார்க்க யாராவது ஒரு நாள் லீவு போட்டு வந்தார்களா? நாங்களே மடையை எண்ணிப் பார்த்ததில்லை.

இந்தக் கண்மாய் இத்தனை காலம் எப்படி நின்றது? ராஜசிங்கன் நல்ல சிமென்ட் போட்டதாலா? குடிமராமத்து. வருஷா வருஷம் கோடையில் ஆயக்கட்டுக்காரர்கள் இறங்கி வரத்துக்கால் வெட்டி, கரை உயர்த்தி, மடையை அடைத்துத் திறந்து பார்த்தார்கள். யார் தலையில் எவ்வளவு மண் ஏறியது என்பதில் சாதியும் அதிகாரமும் இருந்தது, அதையும் மறக்கக் கூடாது. ஆனால் வேலை நடந்தது. சோழர் காலத்தில் உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று தனிக் குழு. ஏரியைப் பராமரிக்க 'ஏரிப்பட்டி' என்று நிலம் ஒதுக்கி, அதைக் கல்வெட்டிலும் வெட்டிவைத்தார்கள். ஆங்கிலேயர் 1858ல் குடிமராமத்துக்கு வராதவர்களிடம் காசு வசூலிக்கச் சட்டமே போட்டார்கள். சட்டம் வந்தது, பழக்கம் போனது. 2017ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பிவிட்டது. வருஷா வருஷம் மண்வெட்டியோடு இறங்குகிற அந்தப் பழக்கம் திரும்பவில்லை. எங்கள் ஜில்லாவில் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம்தான் ஆயக்கட்டுதாரர்.

கவனித்துப் பாருங்கள். திறப்பு விழாவுக்குப் பளிங்குக் கல்லில் பெயர் போடுகிறோம். தூர் வாரினதுக்கு, துரு சுரண்டினதுக்கு, ஒழுகின கூரையை மாற்றினதுக்குப் பெயர் போடுகிறோமா? முந்நூறு கோடியில் புதுசாகக் கட்டு என்றால் கைதட்டுகிறோம். கட்டினதைப் பார்த்துக்கொள்ள வருஷம் முப்பது லட்சம் ஒதுக்கு என்று எந்த மேடையிலாவது யாராவது கேட்டார்களா? சாஃப்ட்வேரிலும் இதே அசிங்கம். புதுசாக எழுதுகிறவன் ஹீரோ, ராத்திரி மூணு மணிக்குப் பழசை ஓட வைப்பவனுக்கு அப்ரைசலில் "மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்".

அதனால் தரங்கம்பாடிக்கு அவசியம் போங்கள். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கோட்டையில் நின்று போட்டோ எடுங்கள், தப்பில்லை, நானும் எடுத்தேன். தட்டார் தெருவுக்கும் போங்கள். மாசிலாமணிநாதர் கோவில் முன்னால் கொட்டியிருக்கிற கல்லையும் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் கட்டினவன் யார் என்பதோடு, பூசினவன் யார், காசு கொடுத்தவன் யார் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஊர்க் கண்மாய்க்கோ குளத்துக்கோ ஒரு நடை போய்ப் பாருங்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அங்கேயும் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பது நீங்களாக இருங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நான் கேட்கப் போகிறேன். இந்த முறை லீவு முடிவதற்குள்.

டிஸ்கி: சேக்காளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்டா மாப்ள" என்கிறான். அவன் காரின் சர்வீஸ் கெடு தாண்டி எட்டு மாசம் ஆகிறது. நான் ஒண்ணும் சொல்லவில்லை.